ஒரே தொட்டியில் இரண்டு ஆமை: நான் சண்டையை நிறுத்திய கதை

என்னிடம் இரண்டு ரெட் இயர்டு ஸ்லைடர் ஆமைகள் உண்டு. குட்டியாக இருந்தவரை ஒற்றுமைதான். அப்புறம் பெரியது, சின்னதின் முகத்துக்கு நேரே முன்னங்கால் நகங்களைப் படபடவென்று ஆட்டத் தொடங்கியது. கொஞ்சுகிறது என்று வீடியோ வேறு எடுத்தேன்! ஒரு நாள் காலையில் பார்த்தால் சின்னதின் வால் நுனியில் ரத்தம்.

உடனே அதைத் தனி டப்பாவுக்கு மாற்றினேன். மருத்துவர் சொன்னபடி, நீர்த்த பொவிடோன் அயோடின் (காயத்துக்கான கிருமிநாசினி) தடவி, தினமும் சில மணி நேரம் ஈரம் படாமல் வைத்ததில் காயம் ஆறியது.

தொட்டிதான் பிரச்சினை என்று நினைத்தேன். ஓட்டின் நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லிட்டர் என்பது பரவலான கணக்கு. 5 அங்குலமும் 4 அங்குலமுமாக இரண்டு ஆமைக்கு 360 லிட்டர் வேண்டும். என்னுடையதோ வெறும் 120. பெரிய தொட்டி வாங்கினேன். வெயில் காய இரண்டாவது மேடை வைத்தேன், ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது பாசமல்ல, இடத்தைப் பறிப்பது. தீனியையும் தனித்தனியாகப் போட்டேன். கடி குறைந்தது, துரத்தல் நிற்கவில்லை.

கடைசியில் நடுவே தடுப்பு. கண்ணாடித் தடுப்பு வைத்தது என் முட்டாள்தனம்: பெரியது நாள் முழுக்க அதில் முட்டிக்கொண்டே இருந்தது. மறுபக்கம் தெரியாத பலகையாக மாற்றினேன். இரண்டு நாளில் சின்னது பின்னங்கால்களை நீட்டிப் போட்டு வெயில் காய்ந்தது.