காட்டுவதை யார் பார்ப்பார்கள்? இணையத்தோடு இணைந்த மருத்துவக் கருவிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிபி மெஷின், சுகர் சென்சார், ஸ்மார்ட்வாட்ச் என்று எதை வாங்கினாலும் நாம் முதலில் கேட்பது "இது சரியாகக் காட்டுமா?" என்றுதான். காட்டியதை யார் பார்ப்பார்கள், பார்த்தபின் என்ன செய்வார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இந்த விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பெரியது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதயச் செயலிழப்பு உள்ளவர்களை வீட்டில் இருக்கும்போதே கண்காணிப்பது பற்றி இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அமெரிக்காவில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 1,653 பேர். அவர்களில் பாதிப் பேர் தினமும் ஒரு தானியங்கித் தொலைபேசிச் சேவையை அழைத்து, தங்கள் எடையையும் தொந்தரவுகளையும் பதிய வேண்டும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மறுபடி மருத்துவமனையில் சேர்வதும் குறையவில்லை, இறப்பும் குறையவில்லை. பதிய வேண்டியவர்களில் 14 சதவீதம் பேர் அந்தச் சேவையை ஒருமுறைகூடப் பயன்படுத்தவில்லை. ஜெர்மனியில் நடந்து 2018இல் வெளியான ஆய்வில் 1,571 பேர். அங்கே பிபி, எடை, இசிஜி எல்லாம் ஒரு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மையத்தில் டாக்டர்களும் நர்சுகளும் 24 மணி நேரமும் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சையில் மட்டும் இருந்தவர்களிடம் ஆண்டுக்கு நூற்றுக்குச் சுமார் 11 என்றிருந்த இறப்பு, அந்த மையத்தின் கண்காணிப்பில் இருந்தவர்களிடம் 8க்கும் கீழே இருந்தது. இரண்டு ஆய்வுகளுக்கும் வேறு பல வித்தியாசங்களும் உண்டு. ஆனாலும் அந்த மையத்தில் விழித்திருந்த மனிதர்களைக் கழித்துவிட்டு இந்த முடிவைப் படிக்க என்னால் முடியவில்லை.

அடுத்தது, அளக்கும் விதம். தவறாக எடுத்த பிபியை ஆப் அழகான வரைபடமாகப் போட்டுக் காட்டும். டாக்டரும் அதை நம்பி மாத்திரையைக் கூட்டக்கூடும். கையை மேசைமேல் இதய உயரத்தில் வைக்காமல் மடியில் வைத்தால் மேல் அளவு சராசரியாக 4 புள்ளியும், கீழே தொங்கவிட்டால் 6.5 புள்ளியும் கூடுதலாகக் காட்டுவதாக 2024இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. கையில் சுற்றும் பட்டை சிறிதாக இருந்தால் இன்னும் மோசம். மிகப் பெரிய பட்டை தேவைப்படும் பருத்த கைகளில் சாதாரணப் பட்டையைச் சுற்றியபோது கிட்டத்தட்ட 20 புள்ளி ஏறியது. பெட்டியில் வந்ததை அப்படியே சுற்றாமல், மேல்கையின் சுற்றளவை ஒருமுறை அளந்து பாருங்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால்மேல் கால் போடாமல், பேசாமல் எடுக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் கஷ்டம். அப்பாவுக்குப் பட்டையைச் சுற்றிவிட்டு, சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று நானே பேச்சுக் கொடுத்த நாட்கள் உண்டு.

தோலில் ஒட்டும் சுகர் சென்சார் ரத்தத்தைத் தொடுவதில்லை. செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் சர்க்கரையைத்தான் அது அளக்கிறது. அதனால் ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அதில் தெரிய 5 முதல் 15 நிமிடம் ஆகலாம். சர்க்கரை வேகமாக இறங்கும்போது இந்தத் தாமதம் ஆபத்தானது. கை நடுங்குகிறது, வியர்க்கிறது, ஆனால் திரையில் 90 என்று இருக்கிறது என்றால், திரையை விட்டுவிட்டு விரலில் குத்திப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, சென்சார் இருக்கும் பக்கமாகவே ஒருக்களித்துத் தூங்கினால் அந்த அழுத்தத்தாலேயே பொய்யாகக் குறைத்துக் காட்டும். இன்னொரு தவறு, இன்சுலின் போட்ட ஒரு மணி நேரத்தில் அளவு இறங்கவில்லையே என்று பதறி இன்னொரு டோஸ் போடுவது. முதல் டோஸ் அப்போதும் வேலை செய்துகொண்டுதான் இருக்கும். இரண்டும் சேர்ந்தால் சில மணி நேரத்தில் சர்க்கரை ஒரேயடியாக விழக்கூடும். குத்தாமலே சர்க்கரையைச் சொல்லும் வாட்ச், மோதிரம் என்று விற்பவற்றை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தான் அனுமதி தரவில்லை என்று, மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஒழுங்குபடுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024இல் எச்சரித்தது.

ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருக்கு நெயில் பாலிஷும் ஆகாது, ஜில்லிட்ட விரலும் ஆகாது. தோலின் நிறமும் அதன் கணக்கைப் பாதிக்கிறது. ஆக்சிஜன் உண்மையில் குறைந்திருந்தும் கருவி அதைக் கண்டுகொள்ளாமல் விட்டது, வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. மூச்சு வாங்கும்போது "96 காட்டுகிறதே" என்று காத்திருக்க வேண்டாம். அதேபோல, வாட்சில் எடுக்கும் இசிஜியால் மாரடைப்பைக் கண்டுபிடிக்க முடியாது. நெஞ்சுவலி வந்தால் வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸை அழையுங்கள்.

நல்ல கருவி, சரியான அளவு, எல்லாம் இருந்தும் அலாரம் மட்டும் கேட்காமல் போவதுண்டு. போன் "தொந்தரவு செய்யாதே" நிலையில் இருக்கும். புது ஹெட்போனை இணைத்ததும் ஒலி அதற்குப் போயிருக்கும். போனின் மென்பொருள் அப்டேட் ஆனதும் ஆப்பின் அனுமதிகள் மாறியிருக்கும். சர்க்கரைக் கருவிகளில் இப்படி அலாரம் தவறியதால் சிலருக்குப் பெரும் பாதிப்பு நேர்ந்திருக்கலாம் என்று 2025 பிப்ரவரியில் எஃப்டிஏ எச்சரிக்கை விட்டது. போனை அப்டேட் செய்யும் முன், புதிய பதிப்பில் உங்கள் ஆப் ஓடுமா என்று பாருங்கள். அப்டேட்டுக்குப் பிறகும், மாதம் ஒருமுறையும் அலாரம் அடிக்கிறதா என்று சோதியுங்கள்.

ஆனால் கருவியின் சொந்த அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது. 2017இல் அமெரிக்காவில் மட்டும் இதயத் துடிப்பைச் சீராக்க உடலுக்குள் வைக்கும் பேஸ்மேக்கர்கள் சுமார் 4,65,000க்கு, வெளியாள் ஊடுருவக்கூடிய பாதுகாப்பு ஓட்டையை அடைக்கும் அப்டேட் தர வேண்டியிருந்தது. அதை மருத்துவமனைக்குப் போய்ப் போட்டுக்கொள்ள மூன்று நிமிடம்தான் ஆனது. உங்கள் உடல்நலத் தகவல் வேறொருவர் கைக்குப் போகாமலிருக்க, பழைய போனை விற்கும் முன் ஆப்பிலிருந்து வெளியேறி, போனில் உள்ள எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது மெஷினையும் கொண்டு போய் அவருடைய பிபி மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எந்த அளவுக்கு மேலே போனால், எதற்குக் கீழே இறங்கினால் அழைக்க வேண்டும், இரவு என்றால் யாரை அழைப்பது, ஆப் அனுப்பும் தகவலை அங்கே யாராவது தினமும் திறந்து பார்க்கிறார்களா என்று கேளுங்கள். யாரும் பார்ப்பதில்லை என்று பதில் வந்தால், அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும் ஆளை அன்றே வீட்டில் முடிவு செய்துவிடுங்கள்.