கனடாவின் மத்திய அரசியல்: பேசும்போதும் வாக்களிக்கும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 ஏப்ரல் 28 தேர்தலைப் பற்றிப் பேசும்போது ரொறன்ரோப் பகுதியின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் இன்றும் காதில் விழும் வாசகம், "நான் கார்னிக்குப் போட்டேன்" அல்லது "நான் பொலியேவுக்குப் போட்டேன்" என்பது. நாட்டிலுள்ள 343 தொகுதிகளில் லிபரல் தலைவர் மார்க் கார்னியின் பெயர் இருந்தது ஒட்டாவாவின் நேப்பியன் தொகுதி வாக்குச்சீட்டில் மட்டும். கொன்சர்வேட்டிவ் தலைவர் பியேர் பொலியேவின் பெயர் இருந்தது கார்ள்டனில் மட்டும். மற்றவர்கள் எல்லோரும் தங்கள் தொகுதி வேட்பாளர் ஒருவருக்கே வாக்களித்தார்கள். வாய்தவறிச் சொல்வதுபோலத் தெரிந்தாலும், கனடிய அரசியலைப் பற்றி நாம் செய்யும் தவறான கணிப்புகளில் பாதிக்கு மேல் இந்த இடத்திலிருந்துதான் பிறக்கின்றன.

முதலாவது, "மக்கள் தேர்ந்தெடுக்காத பிரதமர்" என்ற குற்றச்சாட்டு. கார்னி 2025 மார்ச் 9இல் லிபரல் தலைவரானார், 14இல் பிரதமராகப் பதவியேற்றார். அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினரே இல்லை. 1984இல் ஜோன் டேர்ணரும் இப்படித்தான் பிரதமரானார். சட்டப்படி இதில் பிழை எதுவும் இல்லை. மக்கள் அவையின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் யாரோ அவரை, மன்னரின் பிரதிநிதியான ஆளுநர் நாயகம் பிரதமராக நியமிக்கிறார், அவ்வளவுதான். ஆசனம் இல்லாத ஒருவர் நீண்டகாலம் ஆளக்கூடாது என்று வாதிடுவது நியாயமான அரசியல் கருத்து. அதை "சட்டவிரோதம்" என்று சொல்லும்போதுதான் வாதம் சரிகிறது. கார்னி ஒன்பதாவது நாளிலேயே தேர்தலை அறிவித்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

அதிக ஆசனம் பெற்ற கட்சி தானாகவே அரசமைக்கும் என்பதும் வழக்கமே தவிரச் சட்டம் இல்லை. பதவியிலிருக்கும் பிரதமருக்கு அவையைச் சந்தித்து நம்பிக்கை கோரும் முதல் உரிமை உண்டு. 1925இல் மெக்கென்சி கிங்கின் லிபரல் கட்சி கொன்சர்வேட்டிவ் கட்சியைவிடக் குறைந்த ஆசனங்களே பெற்றது. ஆனாலும் சிறு கட்சிகளின் ஆதரவுடன் அவர் ஆட்சியைத் தொடர்ந்தார். இன்று பெரும்பான்மைக்கு 172 ஆசனங்கள் வேண்டும். 2025 தேர்தலில் லிபரல் பெற்றது 169. சிறுபான்மை அரசு என்பது இதைத்தான்.

இதோடு ஒட்டியே இன்னொரு குழப்பம் வரும். 2022 மார்ச்சிலிருந்து 2024 செப்டம்பர் வரை லிபரலுக்கும் என்.டி.பிக்கும் (புதிய ஜனநாயகக் கட்சி) இருந்த ஏற்பாட்டைப் பலர் "கூட்டணி அரசு" என்றே எழுதினார்கள். என்.டி.பியிலிருந்து ஒருவர்கூட அமைச்சராகவில்லை. வரவுசெலவுத் திட்டத்துக்கும் நம்பிக்கை வாக்கெடுப்புக்கும் ஆதரவு தருகிறோம், பதிலுக்குப் பற்சிகிச்சைத் திட்டம் போன்றவற்றைக் கொண்டுவாருங்கள் என்ற எழுத்து மூல உடன்பாடு அது. அமைச்சரவையைப் பங்கிட்டுக்கொள்ளும் கூட்டணி வேறு விஷயம்.

கட்சி தாவினால் ஆசனம் போய்விடும் என்று நினைப்பதும் நம்மவர்களிடம் அதிகம். அதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் 1985 முதல் கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. இலங்கையில் கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் ஆசனத்தையே இழக்க நேரிடலாம். கனடாவில் இரண்டும் இல்லை. ஆசனம் உறுப்பினருக்குச் சொந்தம், கட்சிக்குச் சொந்தமில்லை. 2025 நவம்பரில் நோவா ஸ்கோஷியாவின் கிறிஸ் டான்ட்ரமோன் கொன்சர்வேட்டிவ் பக்கத்திலிருந்து லிபரல் பக்கம் போனார். இடைத்தேர்தல் எதுவும் தேவைப்படவில்லை. பிடிக்காவிட்டால் சட்டத்தை மாற்றக் கோரலாம். இருக்கும் சட்டம் மீறப்பட்டதாகச் சொல்லக்கூடாது.

தலைமைப் போட்டியில் எண்ணப்படுவது எது?

தலைவர் தேர்தலில் அதிக வாக்குப் பெற்றவர் வெல்வார் என்று எண்ணிக்கொண்டு ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கில் உறுப்பினர் சேர்ப்பது, ஒவ்வொரு முறையும் தமிழ் அமைப்பாளர்கள் சறுக்கக்கூடிய இடம். என்.டி.பியில் ஓர் உறுப்பினருக்கு ஒரு வாக்கு, நேரான கணக்கு. லிபரலிலும் கொன்சர்வேட்டிவிலும் கணக்கு தொகுதி வாரியானது. ஒவ்வொரு தொகுதிக்கும் 100 புள்ளிகள். அந்தத் தொகுதியில் ஒரு வேட்பாளர் பெறும் வாக்கு வீதப்படி புள்ளி கிடைக்கும். 2,000 பேர் வாக்களிக்கும் தொகுதியில் ஒரு வாக்கின் மதிப்பு 0.05 புள்ளி. 100 பேர் மட்டும் வாக்களிக்கும் தொகுதியில் அதே வாக்குக்கு ஒரு முழுப் புள்ளி. அதாவது அங்கே ஒருவர் இங்கே இருபது பேருக்குச் சமம். ஸ்காபரோவில் இன்னும் ஆயிரம் பேரைச் சேர்ப்பதைவிட, கட்சி மெலிந்து கிடக்கும் கியூபெக் தொகுதிகளில் சில நூறு பேரைச் சேர்ப்பது அதிகம் உதவும். ஒரு வரம்பும் உண்டு. கொன்சர்வேட்டிவ் கட்சியின் 2022 போட்டியில், நூறுக்குக் குறைவாக வாக்கு விழுந்த தொகுதிக்கு விழுந்த வாக்கின் அளவே புள்ளி என்று கணக்கிடப்பட்டது.

இதன் விளைவு 2020 கொன்சர்வேட்டிவ் போட்டியில் கண்கூடாகத் தெரிந்தது. இரண்டாம் சுற்றில் மொத்த வாக்குகளில் முன்னணியில் இருந்தவர் லெஸ்லின் லூயிஸ். புள்ளிகளில் அவர் மூன்றாமிடம், அதனால் வெளியேறினார். எரின் ஓட்டூல் வென்றார். அதேபோல, 2025இல் கார்னி பெற்ற 85.9% என்பது புள்ளிகளின் வீதம். அதை "85.9% உறுப்பினர்கள்" என்று எழுதுவது தவறு.

யார் வாக்களிக்கலாம் என்பதிலும் குழப்பம். மத்திய தேர்தலில் வாக்களிக்க 18 வயதான கனடியக் குடியுரிமையாளராக இருக்க வேண்டும். நிரந்தர வதிவிடத்தவருக்கு அங்கே வாக்கில்லை. ஆனால் கட்சித் தலைமைத் தேர்தலில் உண்டு. 2025 லிபரல் போட்டியில் 14 வயது நிரம்பிய நிரந்தர வதிவிடத்தவரும் கட்டணம் இல்லாமல் பதிவு செய்து வாக்களிக்க முடிந்தது. கொன்சர்வேட்டிவில் உறுப்பினர் கட்டணம் உண்டு, அதை அவரவர் தம் பணத்திலேயே கட்ட வேண்டும். எல்லாக் கட்சியிலும் கெடு நாள் வாக்களிப்புக்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடும். 2025 லிபரல் போட்டிக்கு முடிவு மார்ச் 9, பதிவுக் கெடு ஜனவரி 27. பெப்ரவரியில் விழித்தவர்களுக்கு இடமில்லை.

தலைவரை நீக்குவது பற்றி ஒரு சொல். "எம்.பி.க்கள் நினைத்தால் நாளைக்கே மாற்றலாம்" என்பது பாதி உண்மை. 2015இல் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தச் சட்டப்படி, ஒவ்வொரு தேர்தலுக்குப் பின்னும் கட்சியின் நாடாளுமன்றக் குழு அந்த அதிகாரத்தை ஏற்பதா வேண்டாமா என்று தானே வாக்கெடுத்து முடிவு செய்ய வேண்டும். ஏற்றால், 20% உறுப்பினர் எழுத்தில் கேட்டவுடன் இரகசிய வாக்கெடுப்பு. கொன்சர்வேட்டிவ் ஏற்றிருந்தது, ஆகவே 2022 பெப்ரவரி 2இல் நீக்க 73, எதிராக 45 என்ற கணக்கில் ஓட்டூல் ஒரே நாளில் போனார். லிபரல் ஏற்கவில்லை, ஆகவே 2024 இலையுதிர் காலத்தில் சொந்த எம்.பி.க்களே விலகச் சொல்லியும் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோவை அகற்ற அவர்களிடம் கருவி இல்லை. 2025 ஜனவரி 6இல் அவராகவே விலகலை அறிவித்தார். தலைவரின் ஆசனத்துக்கும் தலைமைப் பதவிக்கும் கூட நேரடித் தொடர்பு இல்லை. பொலியேவ் கார்ள்டனில் தோற்ற பின்னும் தலைவராகவே இருந்தார். அல்பேர்ட்டாவின் பாட்டில் ரிவர்–குரோஃபுட் எம்.பி. விலகி வழிவிட, ஆகஸ்ட் 18 இடைத்தேர்தலில் வென்று திரும்பினார்.

வாக்கு வீதத்தையும் ஆசனத்தையும் ஒப்பிடும்போது

கனடாவின் முறை இந்திய மக்களவைத் தேர்தலின் முறைதான்: தொகுதியில் ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவர் வெல்வார், பாதி தாண்டவேண்டியதில்லை. இதனால் வரும் கோணல் உண்மையானது. 2015இல் லிபரல் 39.5% வாக்கில் 338இல் 184 ஆசனம் பெற்றது. 2021இல் கொன்சர்வேட்டிவ் 33.7%, லிபரல் 32.6%, ஆசனமோ லிபரலுக்கு 160, கொன்சர்வேட்டிவுக்கு 119. அல்பேர்ட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் கொன்சர்வேட்டிவ் வாக்குகள் மலைபோலக் குவிகின்றன. 70% எடுத்து வென்றாலும் கிடைப்பது ஓர் ஆசனம்தான்.

ஆனால் எந்தக் கட்சிக்கு அநியாயம் நடந்தது என்று பழைய நினைவில் பேசக்கூடாது, ஒவ்வொரு தேர்தலையும் கணக்குப் பார்க்க வேண்டும். 2025ஐ எடுங்கள். என்.டி.பியும் கியூபெக்கின் புளொக் கட்சியும் தலா 6.3%. என்.டி.பிக்கு 7, புளொக்குக்கு 22. "புளொக் கொள்ளையடித்துவிட்டது" என்றே பலரும் முடிவு கட்டினார்கள். 343இல் 6.3% எவ்வளவு என்று பெருக்கிப் பாருங்கள்: ஏறக்குறைய 22. புளொக் தன் பங்கைச் சரியாகவே பெற்றிருக்கிறது. 41.3% பெற்ற கொன்சர்வேட்டிவுக்கு வீதப்படி 142, கிடைத்தது 144. உண்மையில் இழந்தது என்.டி.பி, கூடுதலாகப் பெற்றது 43.8%க்கு 169 எடுத்த லிபரல். என்.டி.பியின் வாக்குகள் நாடு முழுக்க மெல்லியதாகப் பரவியிருந்தன. புளொக் கியூபெக்கின் 78 தொகுதிகளுக்கு வெளியே போட்டியிடுவதே இல்லை.

இந்தப் பெருக்கல் கோணலை அளக்க உதவும். "விகிதாசார முறை இருந்திருந்தால் இதுதான் முடிவு" என்று சொல்ல உதவாது. முறை மாறினால் மக்களின் வாக்கும் மாறும். 2025இல் மனத்தால் என்.டி.பியாக இருந்தும் லிபரலுக்குப் போட்டவர்கள் புதிய முறையில் அப்படிப் போட வேண்டியதில்லை.

சீர்திருத்த விவாதத்தில் மிகப் பரவலான தவறு, விருப்பு வரிசை வாக்கையும் விகிதாசாரத்தையும் ஒன்றாக்குவது. இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று இடுவதை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும்: வரிசை எண், வெல்பவருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு உண்டா என்று பார்க்கும் வழி. ஒரு தொகுதிக்கு ஒரே எம்.பி. என்றிருக்கும்வரை கட்சிகளின் ஆசனம் வாக்கு வீதத்தோடு பொருந்தாது. அவுஸ்திரேலியக் கீழவை அந்த வகை. விகிதாசாரம் வேண்டுமானால், நியூசிலாந்து 1996 முதல் செய்வதுபோலத் தொகுதி எம்.பி.யோடு கட்சிப் பட்டியலும் இருக்க வேண்டும், அல்லது அயர்லாந்தைப்போல ஒரு தொகுதிக்குப் பல எம்.பி.க்கள் இருந்து அதற்குள் விருப்பு வரிசை இருக்க வேண்டும். ட்ரூடோ விரும்பியது ஒரு தொகுதிக்கு ஒரே எம்.பி.யோடு கூடிய விருப்பு வரிசை வாக்கு. 2016 டிசம்பரில் நாடாளுமன்றக் குழு பரிந்துரைத்தது விகிதாசாரமும் பொதுவாக்கெடுப்பும். இரண்டும் சந்திக்கவில்லை. 2017 பெப்ரவரி 1இல் அரசு, தேர்தல் முறையை மாற்றும் வாக்குறுதியைக் கைவிட்டது.

"மக்கள் எப்போதும் மாற்றத்தை நிராகரித்தார்கள்" என்பதும் முழுமையானதன்று. 2005இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 57.7% பேர் மாற்றத்துக்கு ஆதரவளித்தார்கள். ஆனால் மாற்றம் நிறைவேறத் தேவை என்று வைத்திருந்த எல்லை 60%. 2009இலும் 2018இலும் அதே மாகாணம் மாற்றத்தைத் தெளிவாகவே மறுத்தது. ஒன்ராறியோ 2007இல் மறுத்தது. இரு பக்கத்தாரும் தமக்கு வசதியான ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்.

வாக்குச் சாவடியில்

வாக்காளர் தகவல் அட்டை மட்டும் கொண்டுபோவது போதாது. பெயர், படம், தற்போதைய முகவரி மூன்றும் உள்ள சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தால் அதுவே போதும். கடவுச்சீட்டில் முகவரி அச்சிடப்படுவதில்லை, ஆகவே முகவரியுள்ள இன்னோர் ஆவணம், உதாரணமாக அந்தத் தகவல் அட்டையோ மின்கட்டண ரசீதோ, கூட வேண்டும். எதுவும் இல்லாத அம்மப்பாவுக்காக அதே சாவடியில் வாக்களிக்கும் ஒருவர் உறுதி சொல்லலாம். ஆனால் பொதுவாக ஒருவர் ஒருவருக்கு மட்டுமே சொல்ல முடியும். வீட்டிலுள்ள மூன்று முதியவர்களுக்கு ஒரே பேரன் போதாது.

விருப்பு வாக்குப் பழக்கத்தில் இரண்டு வட்டங்களில் 1, 2 என்று இடாதீர்கள். ஒன்றுக்கு மேற்பட்ட வட்டத்தில் குறியிருந்தால் சீட்டு நிராகரிக்கப்படும். பெயர், கையொப்பம் போன்று உங்களை அடையாளம் காட்டும் எதையும் எழுதினாலும் அப்படியே. ஒன்ராறியோ மாகாணத் தேர்தலில் சீட்டைத் திருப்பிக் கொடுத்து "மறுத்தவர்" என்று பதிய வைக்கலாம். மத்திய தேர்தலில் அந்த வசதி கிடையாது.

வேலைநேரம் காரணமாக விட்டுவிடுவது வீண் இழப்பு. வாக்களிக்கத் தொடர்ச்சியாக மூன்று மணி நேரம் கிடைக்க வேண்டும் என்பது சட்டம், அதற்காகச் சம்பளம் வெட்டக்கூடாது. ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் சாவடி காலை 9:30 முதல் இரவு 9:30 வரை. உங்கள் வேலை காலை 11 முதல் இரவு 8 வரை என்றால் முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரமே மிஞ்சுகிறது. முதலாளி உங்களை 12:30க்கு வரவிடலாம், அல்லது 6:30க்கு அனுப்பலாம், அல்லது நடுவில் மூன்று மணி நேரம் விடலாம். எது என்பதை அவரே தீர்மானிப்பார். முற்கூட்டிய வாக்களிப்பு நான்கு நாட்கள், தேர்தல் திங்களுக்குப் பத்து நாள் முந்திய வெள்ளி முதல் ஏழு நாள் முந்திய திங்கள் வரை.

தபால் வாக்கில் தவறு நடப்பது இரண்டு இடங்களில். அந்தச் சீட்டில் பெயர்கள் அச்சிடப்பட்டிருக்காது, வேட்பாளரின் பெயரை நீங்களே எழுத வேண்டும். கட்சிப் பெயரை மட்டும் எழுதினால் எண்ணமாட்டார்கள். 214 பேர் போட்டியிட்ட பாட்டில் ரிவர்–குரோஃபுட் இடைத்தேர்தலில் சாவடியிலேயே இப்படி எழுத வேண்டியிருந்தது. எழுத்துப்பிழை இருந்தாலும் யாரைக் குறித்தீர்கள் என்பது தெளிவாக இருந்தால் ஏற்பார்கள். இரண்டாவது, அனுப்பிய நாள் கணக்கில்லை, போய்ச் சேரும் நாளே கணக்கு. சொந்தத் தொகுதிக்கு வெளியிலிருந்து வாக்களிப்பவரின் உறை தேர்தல் நாள் மாலை 6 மணிக்குள் ஒட்டாவாவில் இருக்க வேண்டும். தபால் வாக்குக்கான விண்ணப்பம் ஏற்கப்பட்ட பிறகு, மனம் மாறிச் சாவடிக்குப் போய் வாக்களிக்கவும் முடியாது.