கர்ப்பப்பை இறக்கத்துக்குத் துளை (லேப்ராஸ்கோபி) ஆபரேஷன்: போகும் முன்பும் வந்த பின்பும் செய்ய வேண்டியவை

மயக்கம் தெளிந்ததும் வயிற்றைத் தொட்டுப் பார்த்தேன். தொப்புளில் ஒன்று, பக்கங்களில் மூன்று, மொத்தம் நாலு சின்ன பிளாஸ்திரி. இவ்வளவுதானா என்று இருந்தது. அந்த நினைப்புதான் மூன்றாவது வாரம் என்னை ஈரத்துணி வாளியைத் தூக்க வைத்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

எனக்கு மூன்றும் சுகப்பிரசவம். 54 வயதில் கர்ப்பப்பையும் சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கின. காலையில் ஒன்றும் தெரியாது. சாயங்காலம் ஆனால் பந்தின் மேல் உட்கார்ந்திருப்பது போல இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் இரண்டு வருடம் ஓட்டினேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். பெரும்பாலும் இது உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை, அதனால் நிதானமாக முடிவெடுக்கலாம். தொந்தரவு குறைவாக இருந்தால், இவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்படித் தசைகளுக்கான பயிற்சியே போதலாம். இறங்கியதைத் தாங்க யோனிக்குள் வைத்துக்கொள்ளும் சிலிகோன் வளையத்தோடு பல வருடம் நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் நான் ஆபரேஷனுக்குப் போனேன்.

டாக்டரிடம் முதலில் கேளுங்கள்: என்ன இறங்கியிருக்கிறது? சிறுநீர்ப்பையா, கர்ப்பப்பையா, மலக்குடலா? எது எவ்வளவு என்பதைப் பொறுத்து ஆபரேஷன் மாறும். கர்ப்பப்பையை எடுக்காமலே தூக்கிக் கட்ட முடியுமா என்றும் கேளுங்கள். எனக்கு அதை எடுத்துவிட்டு, யோனியின் மேல்முனையை மெஷ் என்னும் வலைத்துண்டால் முதுகெலும்பின் அடியில் இருக்கும் திருவெலும்போடு கட்டினார்கள்.

மெஷ் என்றதும் பயந்துபோனேன். டாக்டர் விளக்கினார்: 2019 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விற்பனையை நிறுத்தச் சொன்னது, இறக்கத்துக்காக யோனி வழியாக வைக்கும் மெஷ்ஷை. வயிற்றின் வழியாக வைப்பது அந்த உத்தரவில் சேரவில்லை. இதிலும் சிலருக்கு வலை யோனிச் சுவரை அரித்து வெளியே தெரியலாம், மறுபடி சிகிச்சை தேவைப்படலாம். இதை அவர் மறைக்காமல் சொன்னதால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. புகைபிடிப்பவர்களுக்கு இந்த அபாயம் கூடுதல், முன்கூட்டியே விட்டுவிட வேண்டும்.

இன்னொன்றையும் மறக்காமல் கேளுங்கள். சிறுநீர்ப்பை இறங்கி மடங்கியிருக்கும்போது கசிவு தெரியாமல் இருக்கும். நிமிர்த்திக் கட்டியதும் இருமினால் சிறுநீர் கசிய ஆரம்பிக்கலாம். இதற்கு முன்னதாகவே பரிசோதனை உண்டு.

முழு மயக்கம் கொடுத்து, கார்பன் டை ஆக்ஸைடு வாயுவால் வயிற்றை உப்ப வைத்துத்தான் செய்கிறார்கள். எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. மறுநாள் வயிற்றை விடத் தோள்பட்டைதான் வலித்தது. மிச்சமிருக்கும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடக்க நடக்க இரண்டு மூன்று நாளில் போய்விட்டது. சிறுநீர் வெளியேற வைத்திருந்த டியூபை எடுத்த பிறகு சிறுநீர் நன்றாகப் போகிறதா, உள்ளே மிச்சம் நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

சரி, வீட்டுக்கு வந்தாச்சு. படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். முழங்காலை மடக்கி, ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுங்கள். இருமல் வந்தால் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மலச்சிக்கல்தான் பெரிய எதிரி. முக்கினால் புதுத் தையல் மேல்தான் அத்தனை அழுத்தமும் விழும். டாக்டர் கொடுக்கும் மலமிளக்கியை முதல் நாளிலிருந்தே எடுங்கள். காலடியில் ஒரு சின்ன முக்காலி போட்டு முழங்கால் இடுப்பை விட உயர இருக்கும்படி வையுங்கள். முன்னே குனிந்து முழங்கைகளைத் தொடைமேல் ஊன்றி, மூச்சை அடக்காமல் வாயைத் திறந்து விடுங்கள். நான் இதை இன்றும் விடவில்லை.

அப்புறம் அந்த வாளி. 20வது நாள், உடம்பு லேசாக இருந்தது, வீட்டில் யாரும் இல்லை. அரை வாளிதானே என்று தூக்கினேன். அடிவயிற்றில் சுருக்கென்று ஓர் இழுப்பு, சாயங்காலம் துணியில் ரத்தக் கறை. டாக்டர் பரிசோதித்துத் தையல் விடவில்லை என்று சொல்லும் வரை இரண்டு ராத்திரி தூங்கவில்லை. வெளியே அரை அங்குலம் வெட்டினாலும் உள்ளே நடந்தது பெரிய ஆபரேஷன். ஆறு வாரம் தண்ணீர் நிறைந்த குடம், குழந்தை, சிலிண்டர் எதையும் தொடாதீர்கள். அதற்கு மேலும் கனமானதற்கு டாக்டரைக் கேளுங்கள். தாம்பத்திய உறவும் அவர் பரிசோதித்து சரி என்ற பிறகுதான்.

ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். காலில் ரத்தம் கட்டாமல் இருக்கத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். தையல் கரையும்போது சில வாரம் லேசான கசிவு வரும், பயப்பட வேண்டாம். காய்ச்சல், துர்நாற்றத்தோடு கசிவு, நாப்கின் நனையும் அளவு ரத்தம், சிறுநீர் வராமல் அடைப்பது, நிற்காத வாந்தி, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சுத் திணறல்: இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

ஆறாவது வாரம் டாக்டர் என்னை நிற்க வைத்து இருமச் சொன்னார். எதுவும் இறங்கவில்லை. மறுநாளே இடுப்படிப் பயிற்சியைத் திரும்ப ஆரம்பித்தேன்: வாயுவை அடக்குவது போல உள்ளே இழுத்துப் பத்து எண்ணும் வரை பிடித்து, பத்து எண்ணும் வரை தளர்த்தி, பத்து தடவை. காலை, மதியம், இரவு.