ஒலியின் வேகம்: 331 வந்தால் சந்தேகப்படுங்கள்

ஒலியின் வேகத்தை அளந்து 331 என்று விடை வந்துவிட்டால் மாணவர்களுக்குத் தலைகால் புரியாது; பாடநூலில் இருப்பதும் அதே எண்ணாயிற்றே! எனக்கோ அப்போதுதான் சந்தேகம் எழும். நொடிக்கு 331 மீட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ் காற்றுக்குரிய வேகம். ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.6 மீட்டர் வீதம் அது கூடும். 30 டிகிரி அறையில் 349 வர வேண்டும். வெப்பநிலையைக் குறிக்காமலே சோதனையைத் தொடங்குவது முதல் தவறு.

அப்படியானால் 331 எங்கிருந்து வந்தது? 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையை (நொடிக்கு 512 முறை அதிரும் உலோகக் கவை) தட்டி, 3 செ.மீ. உள்விட்டமுள்ள ஒத்ததிர்வுக் குழாயின் (நீர்மட்டத்தை ஏற்றி இறக்கக்கூடிய குழாய்) வாயருகே பிடித்து நீர்மட்டத்தை மெல்ல இறக்குங்கள். 16.1 செ.மீ. வாக்கில் ஒலி சட்டெனப் பெருகும். அதைக் கால் அலைநீளம் என்று எண்ணி நான்கால் பெருக்கி, அந்த அலைநீளத்தை 512-ஆல் பெருக்கினால் வேகம் 330; பாடநூல் எண்ணுக்கு மிக அருகில். ஆனால் காற்றின் அதிர்வு குழாயின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை; விட்டத்தில் சுமார் 0.3 பங்கு, இங்கே 0.9 செ.மீ., வெளியிலும் நீள்கிறது. இந்த முனைத் திருத்தத்தை விட்டதால் குறைந்த விடை, வெப்பநிலையை மறந்த எதிர்பார்ப்போடு அழகாகப் பொருந்திவிட்டது. ஒரு தவறுக்கு இன்னொரு தவறு சாட்சி!

மருந்து எளிது. நீரை இன்னும் இறக்கினால் 50.2 செ.மீ. அருகே ஒலி மறுபடி பெருகும். இரண்டு நீளங்களின் வித்தியாசம் 34.1 செ.மீ.; அது சரியாக அரை அலைநீளம். கழித்தலில் முனைத் திருத்தம் தானே அடிபட்டுப் போக, வேகம் 349 வந்து நிற்கும். இசைக்கவையை மேசை விளிம்பில் ஓங்கி அடிக்காதீர்கள், ரப்பரில் தட்டுங்கள்.

கைதட்டல் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும் நேரத்தை அளந்து வேகம் காணும் எதிரொலி முறையில் வில்லன் நம் விரல்தான். 50 மீட்டர் தொலைவிலுள்ள சுவருக்குப் போய்வர ஒலிக்கு 0.29 நொடி போதும். ஸ்டாப்வாட்சை அழுத்த விரலுக்கே 0.2 நொடி ஆகிறது. அதனால் ஒரே கைதட்டலை அளப்பது வீண். ஒவ்வொரு எதிரொலியோடும் சேர்ந்து விழும்படி தொடர்ந்து தட்டி, மொத்த நேரத்தை அளக்க வேண்டும். இதிலும் ஒரு பள்ளம் உண்டு: 20 தட்டலுக்கு நடுவே இருப்பவை 19 இடைவெளிகள். 20 என்று கணக்கிட்டால் வேகம் 367 ஆகிவிடும். முதல் தட்டலைச் சுழியம் என்று எண்ணத் தொடங்குங்கள்.

கடைசியாக, கால்குலேட்டர் காட்டும் 349.18 என்பதை அப்படியே எழுதாதீர்கள். நீர்மட்டத்தைப் படிப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலே வேகம் ஒரு மீட்டர் மாறிவிடுகிறது.