நிற்கும்போது சூடேறுகிறதா, ஓடும்போதா?

எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் லாரி வரிசைக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட காரில் வெப்ப முள் ஏறினால், எப்போது ஏறுகிறது என்பதை முதலில் கவனியுங்கள். நிற்கும்போது ஏறி, காற்று பட ஓடியதும் இறங்கினால் கோளாறு பெரும்பாலும் ரேடியேட்டர் ஃபேன் பக்கம். நெரிசலில் சரியாக இருந்து வேகமெடுத்ததும் ஏறினால் பெரும்பாலும் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் (சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் வால்வு) இவற்றில் ஒன்றில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஓட்டம் தடைபடுகிறது. இரண்டிலும் ஏறினால் முதலில் கூலன்ட் அளவைப் பாருங்கள். இது தெரியாமல் மெக்கானிக்கிடம் போனால் நல்ல பாகத்தை மாற்றிவிட்டுத் திரும்ப நேரிடும்.

ஃபேனைச் சோதிப்பது எளிது. இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஏசியைப் போட்டால் பெரும்பாலான கார்களில் கொஞ்ச நேரத்தில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றவில்லையென்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர், கடைசியாக மோட்டார் என்று வரிசையாகப் பாருங்கள். காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்றால் கனெக்டர் முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். சுத்தம் செய்து மாட்டினாலே பல நேரம் ஃபேன் ஓடிவிடும், மோட்டாருக்குச் செலவழிக்க வேண்டாம். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுற்றும். கையை உள்ளே விடாதீர்கள்.

ஃபேன் ஓடியும் சூடு குறையவில்லையா? ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையிலுள்ள சந்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். மணலி, எண்ணூர் பக்கத்துத் தூசியும் கரித்தூளும் அங்கே படிந்து காற்றை அடைத்திருக்கும். முன்னாலிருந்து பார்த்தால் இது தெரியாது. இன்ஜின் ஆறிய பிறகு, உள்பக்கத்திலிருந்து வெளியே போகும்படி குழாய்த் தண்ணீரை மெதுவாக அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் ஃபின்கள் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்) மடங்கிவிடும். விரல் பட்டதும் ஃபின் உதிர்ந்தால் ரேடியேட்டரை மாற்றத்தான் வேண்டும்.

வட சென்னையில் அதிகம் நடக்கும் தவறு போர் தண்ணீரை ஊற்றுவது. அதிலுள்ள உப்பு அலுமினியத்தை அரிக்கும், குழாய்க்குள் படிந்து கூலன்ட் ஓட்டத்தைக் குறைக்கும். வெறும் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலவை ஏறத்தாழ 107 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி தரும் 1 பார் அளவு அழுத்தத்தில் 120-ஐயும் தாண்டும். மூடியின் ரப்பர் விறைத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். விலை குறைந்த பாகம்தான், மாற்றிவிடுங்கள்.

கூலன்ட் மாற்றும்போது பழையதை வடித்து, டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, இன்ஜினைச் சூடாக்கி, ஆறவிட்டு மறுபடி வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதைச் செய்யுங்கள். இன்ஜின் பிளாக்குக்குள் கொஞ்சம் தண்ணீர் தங்கிவிடும் என்பதால், கலந்து விற்கும் கூலன்ட்டை ஊற்றினால் நீர்த்துப்போகும். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்றால் 2.5 லிட்டர் கான்சன்ட்ரேட்டை (தண்ணீர் கலக்காத கூலன்ட்) முதலில் ஊற்றி, மிச்சத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், மேனுவலில் சொன்ன வகையைத்தான் போட வேண்டும். ரேடியேட்டரிலேயே மூடி உள்ள வண்டிகளில் அதைத் திறந்தபடி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, ஃபேன் ஒருமுறை ஓடும்வரை ஐடிலில் விடுங்கள். குமிழி வந்து அளவு இறங்க இறங்க ஊற்றுங்கள். காற்று உள்ளே தங்கினால் புதுக் கூலன்ட் போட்டும் சூடேறும்.

"நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் வேண்டாம்" என்று கழற்றி எறிய விடாதீர்கள். இன்ஜின் உரிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலைக் குடிக்கும், தேய்மானமும் கூடும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரையும் புளோயரையும் முழு அளவில் வைத்து ஓரம் கட்டுங்கள். சிவப்பைத் தொட்டாலோ ஆவி வந்தாலோ இன்ஜினை உடனே அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீர் ஊற்றினால் ஹெட் (இன்ஜினின் மேல்பகுதி) விரிசல் விடலாம். ஆறிய பின் அவசரத்துக்குக் கேன் தண்ணீர் போதும். நிரப்பி ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரில் குமிழி நிற்காமல் வந்தாலோ, சைலன்சரில் வெள்ளைப் புகை தொடர்ந்தாலோ, ஆயில் பால் கலந்ததுபோல் இருந்தாலோ ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவிலுள்ள ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். அதற்கு மேல் ஓட்டினால் ஹெட் வளைந்துவிடும்; டோயிங் வண்டியை வரவழையுங்கள்.