கார்பெட் மெஷினில் இரண்டு மோட்டார்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீடு வீடாகப் போய் சோபா, கார்பெட் சுத்தம் செய்கிறவர்கள் பலருக்கும் இருக்கும் குறை இதுதான்: மெஷினில் தண்ணீரை உறிஞ்சி எடுக்க இரண்டு மோட்டார் ஓடுகிறது, ஆனாலும் கார்பெட் ஈரமாகவே கிடக்கிறது. கார்த்திகை மழையில் சென்னை ஃபிளாட் ஒன்றில் அப்படி ஈரத்தோடு விட்டுவிட்டு வந்தால், இரண்டே நாளில் பூஞ்சை வாடை கிளம்பிவிடும். பெரும்பாலும் மோட்டார் மேல் குற்றமில்லை. கிடைக்கிற கொஞ்சக் கரண்டை எங்கே செலவழிக்கிறோம் என்பதில்தான் பிசகு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 230 வோல்ட்டில் 1200 வாட்ஸ் மோட்டார் ஒன்று சுமார் 5.2 ஆம்ப்ஸ் இழுக்கும். இரண்டு என்றால் 10.4. பம்புக்கு அரை ஆம்ப் வைத்துக்கொள்ளுங்கள். 1500 வாட்ஸ் ஹீட்டருக்கு மட்டும் 6.5. மொத்தம் 17.4 ஆம்ப்ஸ். 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) இவ்வளவு சிறிய மீறலுக்கு உடனே விழாது, ஒரு மணி நேரம்கூடத் தாங்கும். ஆனால் அதற்குள் ப்ளக் பாயிண்ட் கருகத் தொடங்கியிருக்கலாம். ட்ரிப் ஆகவில்லை என்பதால் எல்லாம் சரி என்று நினைப்பது பெரிய தவறு. ஹீட்டரை முதலில் தனியாக ஓட்டித் தண்ணீரைச் சூடாக்கி, அணைத்துவிட்டு, அப்புறம் மோட்டார்களைப் போடுங்கள்.

இரண்டு வயர் உள்ள மெஷின் என்றால் இரண்டையும் ஒரே அறையில் மாட்டுவது இன்னொரு வழக்கம். பாயிண்ட் இரண்டாக இருந்தாலும் பின்னால் ஒரே எம்.சி.பி.தான் இருக்கக்கூடும். வீட்டுக்காரரிடம் கேட்டு ஒரு எம்.சி.பி.யை அணைத்துப் பாருங்கள். எந்தெந்தப் பாயிண்ட் செத்துப்போகிறது என்று தெரிந்துவிடும். ஏ.சி. பாயிண்ட் ஒன்று, சமையலறை பவர் ப்ளக் ஒன்று என்று எடுப்பது நல்லது. 16 ஆம்ப்ஸ் ப்ளக்கைக் கன்வெர்ட்டர் வைத்து 6 ஆம்ப்ஸ் பாயிண்டில் திணிக்கவே கூடாது. அந்தப் பாயிண்டின் எல்லை 1380 வாட்ஸ், ஒரு மோட்டாரோடு சரி.

எக்ஸ்டென்ஷன் வயரிலும் கரண்ட் வீணாகிறது. முக்கால் ஸ்கொயர் (0.75 சதுர மி.மீ.) வயர் 20 மீட்டர் போட்டு 10 ஆம்ப்ஸ் இழுத்தால், போக வர சேர்த்து ஏறக்குறைய 10 வோல்ட் வயரிலேயே விழும். அதாவது 100 வாட்ஸ் வெறும் சூடாகிறது. சுருளைப் பிரிக்காமல் ஓட்டினால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகிவிடும். ஒருமுறை சுருளைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட பிறகு, நான் இரண்டரை ஸ்கொயர் வயருக்குக் குறைவாக எடுத்துப் போவதில்லை, முழுக்கப் பிரிக்காமல் சுவிட்சும் போடுவதில்லை.

இனி சீரிஸ், பேரலல் விவகாரம். இங்கேதான் குழப்பம் அதிகம். இந்தச் சொற்கள் காற்று போகும் பாதையைக் குறிக்கின்றன, வயரிங்கை அல்ல. கரண்ட் கணக்கில் இரண்டு மோட்டாருக்கும் முழு 230 வோல்ட் தனித்தனியே போக வேண்டும். 120 வோல்ட் அமெரிக்க மோட்டார்கள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வயர் செய்து 230-இல் மாட்டுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இரண்டின் காற்றுச் சுமையும் ஒரே மாதிரி இருக்காது. சுமை குறைந்த மோட்டார் வேகமெடுத்து, தன் பங்குக்கு மேல் வோல்டேஜை இழுத்துக்கொள்ளும், சீக்கிரம் எரியும்.

காற்றுப் பாதையில் சீரிஸ் என்றால் ஒரு மோட்டார் தள்ளும் காற்றை அடுத்தது இழுக்கிறது. உறிஞ்சும் அழுத்தம் கூடும், காற்றின் அளவு ஏறக்குறைய ஒரு மோட்டார் அளவே. அழுத்தமும் முழு இரண்டு மடங்காகாது. இரண்டாவது மோட்டாருக்கு வருவது அடர்த்தி குறைந்த காற்று. பேரலல் என்றால் இரண்டும் டேங்கிலிருந்து தனித்தனியே இழுக்கின்றன. காற்று கூடும், அழுத்தம் ஒரு மோட்டாருக்கு உரியதுதான். சோபாவுக்கான சின்ன டூலுக்கு அழுத்தம் முக்கியம். கல்யாண மண்டபம், பள்ளிவாசல் போன்ற இடங்களில் அகல டூலோடு வேலை செய்யும்போது காற்றின் அளவு முக்கியம்.

பேரலலில் ஒரு மோட்டாரை மட்டும் ஓட்டிக் கரண்டை மிச்சப்படுத்தலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். நின்றிருக்கும் மோட்டாரின் வழியாக வெளிக்காற்று டேங்குக்குள் புகுந்துவிடும். ஓடுகிற மோட்டார் அந்தக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் எம்.சி.பி. விழுந்தாலும் இதே கதை. இடையில் ஃபிளாப் வால்வு (காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் மடிப்பு மூடி) இல்லையென்றால், நிற்கும் மோட்டாரின் வாயை மூடி போட்டு அடைக்க வேண்டும்.

என் கருத்தில், 6 ஆம்ப்ஸ் பாயிண்ட் மட்டுமே கிடைக்கும் வீட்டில் இரண்டு மோட்டாரோடு போராடுவதைவிட நல்ல மூன்று-ஸ்டேஜ் (உள்ளே மூன்று விசிறி அடுக்கு உள்ள) மோட்டார் ஒன்றே மேல். மிச்சப் பணத்தை ஹோஸில் போடுங்கள். ஒன்றரை இன்ச் ஹோஸுக்குப் பதில் இரண்டு இன்ச் போட்டால், அதே அளவு காற்றுக்கு ஹோஸில் வீணாகும் அழுத்தம் கால் பங்காகக் குறையும். இதற்கு ஒரு ஆம்ப்கூடக் கூடுதலாகத் தேவையில்லை. டேங்க் மூடி கேஸ்கெட்டையும் பாருங்கள். ஹோஸ் வாயைக் கையால் அடைக்கும்போது மோட்டார் சத்தம் மேலே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் எங்கோ காற்று கசிகிறது. சத்தம் ஏறும்போது மோட்டார் திணறுகிறது என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் காற்று ஓட்டம் நின்றதால் சுமை குறைந்து, அப்போது கரண்டும் குறைவாகவே இழுக்கும்.

மோட்டார் மாற்றும்போது விலை மலிவு என்று சாதாரண வீட்டு வேக்கம் கிளீனர் மோட்டாரைப் போடாதீர்கள். அதில் உறிஞ்சிய காற்றே மோட்டாரின் கம்பிச் சுருளைக் குளிர்விக்கிறது, ஈரம் நேராகச் சுருளுக்குள் போகும். பைபாஸ் மோட்டார்தான் வேண்டும்; அதற்குக் குளிர்காற்று தனி வழி. சீரிஸில் இணைக்க, காற்றைப் பக்கவாட்டுக் குழாய் வழியே தள்ளுகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். அந்த மோட்டாரிலும் வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மூடியைத் திறந்து வைத்து இரண்டு நிமிடம் வெறும் காற்றில் ஓட்டுங்கள். உள்விசிறியில் தங்கிய ஈரம் காய்ந்தால்தான் பேரிங் நாள்படும்.