கிரிக்கெட் பேட்டில் வீரரின் கையெழுத்து வாங்கப் போகிறீர்களா?

பேட்டின் ஸ்டிக்கரில் இருக்கும் கையெழுத்து வெறும் அச்சு, வீரர் கையால் போட்டதல்ல. 10 மடங்கு பெருக்கும் லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பேனா மையில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடம் சற்றுக் கருத்திருக்கும்.

நிஜக் கையெழுத்துக்குப் புது பேட்டே நல்லது. ஆளிவிதை எண்ணெய் பூசிய மரத்தில் மை நரம்போடு ஓடிப் பரவிவிடும். பூசியிருந்தால் ஒரு வாரம் காயவிட்டு, 320 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, தூசியை உலர்ந்த துணியால் துடையுங்கள். முகப்பில் பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருந்தால் முதலிலேயே உரித்துவிடுங்கள். அதன்மேல் போட்ட கையெழுத்து எளிதில் அழியக்கூடும், ஷீட் கிழிந்தால் அதோடு போய்விடும்.

நடுத்தர முனை கொண்ட கறுப்பு பெர்மனன்ட் மார்க்கரைக் கொடுங்கள். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். வீரரிடம் நீட்டுமுன் காகிதத்தில் கிறுக்கி மை ஓடுகிறதா என்று பாருங்கள். போட்டதும் 10 நிமிடம் தொடாதீர்கள், உறைக்குள் திணிக்காதீர்கள்.

பாதுகாக்கிறேன் என்று வார்னிஷ் அடிப்பதுதான் பெரிய கேடு. அதிலுள்ள கரைப்பான் மையைக் கரைத்துக் கலங்கடித்துவிடும். கையெழுத்து வாங்கிய பேட்டுக்கு இனி எண்ணெயும் கூடாது. வெயிலும் டியூப்லைட்டும் நேராகப் படாத சுவரில், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் பெட்டியில் மாட்டுங்கள்.